தனுஷ்கோடியில் போட்டோ எடுக்கப் போறீங்களா? துப்பட்டாவால் லென்ஸைத் துடைக்காதீங்க!

1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தைப் படமெடுக்கப் போனேன். கடற்காற்றில் லென்ஸில் மணல் ஒட்டியது. அவசரத்தில் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். விழுந்த கீறல் போகவே இல்லை. அதுவும் அண்ணனின் கேமரா! கடற்கரைக்குக் கிளம்புபவர்கள் இதைக் கவனியுங்கள்...

• லென்ஸுக்கு மேல் யூ.வி. ஃபில்டர் மாட்டுங்கள். கீறல் ஃபில்டரோடு போகும்.

• மணலை ரப்பர் ப்ளோயரால் ஊதிவிட்டு, பிறகே மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

• காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். மணல் உள்ளே போய்விடும்.

• ட்ரைபாட் கால்களை மணலில் அழுத்தி ஊன்றுங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்; உப்பு அரித்துவிடும்.

• கேமராவை சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

அண்ணனுக்கு ஃபில்டர் வாங்கித் தந்துவிட்டேன். கேமராதான் இன்னும் என் கைக்கு வரவில்லை!