கண்ணும் தூரக்கண்ணாடியும்

குறிஞ்சிப்பிட்டி என்னும் பெயரைக் கேட்கும் தமிழ் மாணாக்கன் மலையையும் மலைசார்ந்த இடத்தையும் எண்ணிக்கொள்வது இயல்பு. வந்து பார்த்தாலோ மலை இல்லை, அருவி இல்லை, தினைப்புனமும் இல்லை. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு. இடையே மணலும் தென்னையும் மீன்வாடிகளுமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் இவ்வூர் அமைந்துள்ளது. பெயரால் குறிஞ்சி, நிலத்தால் நெய்தல். கீழ்த்திசைக் கல்லூரியில் ஐந்திணை கற்பிக்கும் எனக்கு இம்முரண் பெரிதும் இனித்தது. ஆகையால் விடுமுறை தோறும் இங்கு வந்து, பழகிய தண்டையல் ஒருவரின் பாய்வள்ளத்தில் களப்பைச் சுற்றிவருவதை வழக்கமாக்கிக் கொண்டேன். இயந்திரப் படகுகள் மலிந்துவிட்ட இந்நாளில் பாய் விரித்துச் செல்லும் வள்ளம் அருகிவிட்டது. அவர் மட்டும் அதனைக் கைவிட்டாரில்லை.

ஒருமுறை புறப்படுமுன் கொழும்பில் தூரக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். பைனாகுலர் என மக்கள் வழங்கும் இருகண் கருவியையே சொல்கிறேன். "எண் பெரிதானால் காட்சியும் பெரிதாகும்" என்று கடைக்காரர் கூறினார். பன்னிரண்டு மடங்கு பெருக்கும் கருவியைப் பெருமிதத்தோடு கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நூல் பல கற்றவன் அந்த எண்களின் பொருளை வினவாதிருந்தது என் பிழையே.

அன்று மாலை கரைதீவுப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காற்று வலுத்தது. கதிரவன் மறைந்து ஒளி மங்கிய வேளையில், தொலைவிலே கருநிறமாக ஏதோ மிதக்கக் கண்டோம். உடனே கண்ணாடியை உயர்த்தினேன். வள்ளம் ஆட என் கையும் ஆடியது. கை ஆடப் பன்னிரு மடங்காகக் காட்சியும் துள்ளியது. வட்டத்துள் ஒரு கணம் நீர், மறுகணம் வானம், இடையே ஒரு கரிய கீற்று. "மிதக்கும் மரக்கட்டை, நானா, நேரே செல்லலாம்" என்றேன்.

சுக்கானைப் பிடித்திருந்தவர் வெறுங்கண்ணாலேயே நெடுநேரம் நோக்கினார். "மரமெண்டா அலையோட அலையாக் கிடக்கும், மாஸ்டர். இதுக்கு மேல ஏதோ வேற மாதிரி அசையுது. கிட்டப் போய்ப் பார்ப்பம்" என்று சொல்லிப் பாயைத் திருப்பினார்.

அணுகியபோது அது இயந்திரம் பழுதுபட்ட சிறுபடகு. அதில் ஒரு தந்தையும் பத்து வயது மதிக்கத்தக்க மகனும் இருந்தனர். தந்தை தம் சாரனைக் கழற்றித் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தார். காற்று அவர்களைக் களப்பின் வாயை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்தோம். என் சொல்லைக் கேட்டிருந்தால் அவ்விருவரையும் மரக்கட்டையென விட்டுச் சென்றிருப்போம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எண்களின் பொருளைத் தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

தூரக்கண்ணாடியின் மேல் 7×50 என்றோ 12×50 என்றோ பொறித்திருப்பர். முதலெண் பெருக்கம், இரண்டாமெண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 7×50 கருவியில் அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். என் பழைய கருவியிலோ 4 மில்லிமீற்றரை ஒட்டியதே. இருளில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஐம்பதைக் கடந்த என்போன்றோர்க்கு அது 5 அளவில் நின்றுவிடும். அவ்வாறாயின் எமக்கு மிகுதி வீணன்றோ எனின், கடலில் வீணன்று. வள்ளம் குலுங்கிக் கண் சற்றே விலகினும், அகன்ற கற்றைக்குள் கண்மணி நிலைத்திருக்கும். காட்சி அறுந்து போகாது. பெருக்கம் குறைந்தமையால் நடுக்கமும் குறையும். பார்வைப் பரப்பும் விரிந்து, 1000 மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 125 மீற்றர் அகலத்தை ஒருங்கே காட்டும். மாலுமிகள் ஏழு மடங்கையே விரும்புவது இதனாலேயாம். நடுக்கத்தைத் தானே தணிக்கும் மின்கலக் கருவிகளும் இன்று உள, விலையோ மிகுதி.

வாங்குவோர் வேறு சிலவும் நோக்குதல் வேண்டும். நீர் புகாதவாறு மூடப்பட்டு உள்ளே நைதரசன் வாயு நிரப்பப்பெற்றது நன்று. வில்லையின் உட்புறம் பனிக்காது. இரு கண்ணுக்கும் தனித்தனியே குவியம் அமைக்கும் வகையை ஒருமுறை திருத்திவிட்டால், தொலைப்பொருள்கட்கு மீண்டும் திருகவேண்டுவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணைச் சற்று விலக்கி வைத்தும் முழுக்காட்சி தெரிகிறதா என்பதைக் கடையிலேயே சோதித்தறிக.

திசையறிகருவி உள்ளமைந்தது மேலும் பயனுடையது. எதிரே வரும் கலத்தின் திசைப்பாகையை இடைவிட்டுப் பலமுறை குறித்துக்கொள்க. தூரம் குறைந்தும் பாகை மாறாதிருப்பின் மோதல் நேரக்கூடும் என்பது கடலோடிகள் விதி. அளவுகோடு பொறித்த கருவியாயின் தூரத்தையும் கணிக்கலாம். 20 மீற்றர் உயரத் தென்னை 10 மில் அளவு தோன்றினால், உயரத்தை ஆயிரத்தாற் பெருக்கிப் பத்தால் வகுக்க, 2000 மீற்றர் என விடை வரும்.

எனினும் எக்கருவியும் அடிவானத்தை அகற்றமாட்டாது. நீர்மட்டத்திற்கு 2 மீற்றர் மேலே கண்ணிருப்பின் அடிவானம் 5 கிலோமீற்றர் தொலைவே. அதற்கப்பால் தென்னையின் தலை தெரியலாம், அடி தெரியாது. பூமியின் வளைவு மறைத்ததைக் கண்ணாடி மீட்டுத் தராது.

இக்கருவிக்கும் இக்கரைக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டு. 1608இல் ஒல்லாந்தின் மிடில்பேர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி வினைஞர் லிப்பர்ஷே தொலைநோக்கிக்கு உரிமை வேண்டியபோது, இரு கண்ணாலும் பார்க்கத்தக்கதாகச் செய்து தருமாறு அந்நாட்டு அரசு கேட்டது. அதே ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1854இல் இத்தாலியரான போரோ அரியங்களால் தலைகீழ்க் காட்சியை நிமிர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். 1894இல் யேனா நகரத்துச் சைஸ் நிறுவனம் அரிய இருகண்நோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இப்போது என்னிடம் இருப்பது 7×50. அதனைக் கையாளும் முறையைக் கற்பித்தவர் எழுத்தறியாத அத்தண்டையலே. "மொதல்ல கண்ணால பாருங்க, மாஸ்டர், பார்த்த கண்ண எடுக்காம கண்ணாடியக் கொண்டு வாங்க" என்பார். அமர்ந்து, முழங்கைகளை விலாவோடு அணைத்து, பாய்மரத்தில் சாயாது, வள்ளத்தின் ஆட்டத்திற்கு இடுப்பை இணங்கவிட்டால் காட்சி நிற்கிறது. வாரைக் கழுத்தில் இடாமல் யான் கருவியைத் தொடுவதில்லை. கதிரவனை அதன்வழி நோக்குதல் கண்ணைக் கெடுக்கும். உப்புநீர் தெறித்தால் துணியால் தேய்த்தலாகாது. நன்னீரால் கழுவிய பின்னரே மெல்லத் துடைத்தல் வேண்டும்.

சென்ற விடுமுறையில் அக்கருவியைத் தண்டையலிடமே விட்டுவர விரும்பினேன். அவர் வாங்கிப் பார்த்துப் புன்னகைத்துத் திருப்பித் தந்தார். "நீங்களே வச்சிருங்க. அடுத்த தடவ ஏதாச்சும் தெரிஞ்சா, என்னெண்டு உடனே சொல்லிப்போடாம, என்னயும் கேளுங்க" என்றார்.

வகுப்பறையில் ஒரு சொல்லுக்கு விரைந்து பொருள் கூறும் போதெல்லாம் அச்சாரன் என் கண்முன் அசைகின்றது.