குழந்தைப் பராமரிப்பு முறையீடுகளும் நீதிமன்ற எல்லையும்: இராயபுரம் அரசு இல்லத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகள் இல்லங்கள் குறித்த முறையீடுகளை விசாரிக்கும் ஆணையங்களின் அதிகாரம், நீதிமன்றம் தொடர்புறும் இடத்தில் எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தீர்ப்பின் சரி, தவறு வேறு. அதைச் சூழ்ந்த நிருவாகச் செயற்பாடு வேறு என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குறைதீர்ப்பாளர், இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலக் குழு, இராயபுரம்.

முன்னுரை

தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் ஆகியன துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மிகுதியாக வாழும் பகுதிகள். இத்தகைய குடும்பத்துக் குழந்தை ஒன்று இல்லத்தில் சேர்க்கப்படின், குறையை எங்கு முறையிடுவது என்பதே பெற்றோரின் முதற்சிக்கலாகும். ஆணையம் ‘இது நீதிமன்றத்திற்குரியது’ என்றும், நீதிமன்றம் ‘இது நிருவாகத்திற்குரியது’ என்றும் கைவிடின் முறையீடு இடையிலேயே தேங்கிவிடும்.

ஆணையத்தின் அதிகாரம்

குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டம், 2005இன் 13ஆம் பிரிவு விசாரணை அதிகாரத்தை வழங்குகிறது. 14ஆம் பிரிவின்படி ஆணையம் உரிமையியல் நீதிமன்றத்தைப் போன்று சாட்சிகளை அழைக்கலாம். நீதிமன்றத்திடமிருந்தும் பொது ஆவணங்களைக் கோரிப் பெறலாம். ஆயினும் விசாரணைக்குப் பின் அது செய்யத்தக்கவற்றை 15ஆம் பிரிவு வரையறுக்கிறது: வழக்குத் தொடரப் பரிந்துரைத்தல், இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தல், உச்ச நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகுதல். ஆணையை மாற்றும் அதிகாரம் இவற்றுள் இல்லை.

13(2) உட்பிரிவு, பிற ஆணையங்களின் முன் நிலுவையிலுள்ளவற்றைத் தேசிய ஆணையம் விசாரிப்பதைத் தடுக்கிறது. நீதிமன்றங்களைப் பெயரிட்டுக் கூறவில்லை. நீதிமன்ற நிலுவை பற்றிய விலக்கு, முறையீடுகளை ஏற்பதற்கான விதிமுறையின் வழியே அமைகிறது. இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சட்டம், 1974 இதனின் வேறுபட்டது. நீதிமன்ற நடவடிக்கைகளைத் தொடங்குதலையும் நடத்துதலையும் குறைதீர்ப்பாளரின் விசாரணையிலிருந்து அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நேரடியாகவே விலக்குகிறது.

நலக் குழுவின் இரட்டைத் தன்மை

இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 27(9) உட்பிரிவு, குழந்தைகள் நலக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்களை அளிக்கிறது. எனவே அதன் ஆணையை எதிர்ப்போர் 101ஆம் பிரிவின்கீழ் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தல் வேண்டும். ஆனால் குழுவின் செயற்பாடு குறித்த குறைகளுக்கு 27(10) உட்பிரிவு மாவட்ட ஆட்சியரைக் குறைதீர்க்கும் அதிகாரியாக அமைக்கிறது. ஆணையும் செயற்பாடும் வெவ்வேறு வழிகளுக்குரியன என்பதைச் சட்டமே ஏற்கிறது. குழந்தையை இல்லத்தில் வைத்தது தவறு என்பது மேல்முறையீட்டுக்குரியது. சமூக விசாரணை அறிக்கை உரிய காலத்தில் அளிக்கப்படவில்லை என்பது செயற்பாடு பற்றிய குறையாகும்.

இராயபுரம் நிகழ்வு

கொரோனாப் பரவலின்போது, 2020 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இல்லக் குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து நெறிமுறைகளை வழங்கியது. பின்னர் இராயபுரம் அரசு இல்லத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று உறுதியானமை அறிந்து, ஜூன் 11 அன்று தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கோரியது.

இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. நீதிமன்ற நெறிமுறைகள் பின்பற்றப்பட்டனவா என்பது நீதிமன்றத்தின் முன்னுள்ள வினா; அதில் ஆணையம் இணையான முடிவு வழங்குதல் முறையன்று. ஆனால் ஒரு குழந்தைக்குரிய மருத்துவம், உணவு, பெற்றோருக்குத் தகவல் அளித்தல் ஆகியன பற்றிய தனி முறையீடு அவ்வழக்கினால் மறைந்துவிடாது. 54ஆம் பிரிவு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஆய்வுக் குழு இல்லங்களைப் பார்வையிட வேண்டுமெனக் கூறுகிறது. 109ஆம் பிரிவு சட்டச் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை ஆணையங்களுக்கு அளிக்கிறது. இக்கடமைகள் வழக்கு நிலுவையிலிருக்கும் காலத்திற்கு நிறுத்திவைக்கப்படுவதாகச் சட்டம் கூறவில்லை.

முடிவுரை

நீதித்துறையின் தற்சார்பைக் காக்க எல்லை இன்றியமையாதது. எனினும் ‘நிலுவை’ என்னும் சொல்லைக் கொண்டு முறையீடு முழுவதையும் தள்ளுதல் அவ்வெல்லையின் நோக்கமன்று. முறையீட்டைப் பகுத்து, நீதிமன்றத்திற்குரிய பகுதியைச் சுட்டிக்காட்டி, எஞ்சியதை விசாரித்து, காரணங்களை எழுத்தில் தருதலே ஏற்புடைய நடைமுறையாகும். மேல்முறையீட்டுக்குரிய காலம் 30 நாட்களே ஆதலால், மறுப்புக் கடிதம் காலந்தாழ்ந்து வரின் குழந்தைக்கு இரு வாயில்களும் அடைபடும்.