குதிரையின் உள்ளே – 14: லாயக்காரனின் கை

போன வாரம் காதோடு நிறுத்தினோம். அடுத்தது மூளை என்று சொல்லியிருந்தேன். மூளைக்குத்தான் போகிறோம், மூக்கு வழியாக.

குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது. பிடிக்காத வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமாளிக்கும் வசதி நமக்குத்தான். ஜப்பானின் நீமுராவும் சகாக்களும் 2014-இல் பல பாலூட்டிகளின் மோப்ப மரபணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மனிதனுக்குச் சுமார் 400, நாய்க்குச் சுமார் 800. குதிரைக்கு ஆயிரத்துக்கும் மேல்! எண்ணிக்கை கூடினாலே மோப்பமும் கூடிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போலீஸ் அணிவகுப்பில் நாயின் மூக்கை வியக்கிற நாம், பின்னால் வரும் குதிரையின் மூக்கைக் கண்டுகொண்டதே இல்லை.

பாரசீகத்தில் ஒருவன் கண்டுகொண்டான். கி.மு. 522. அரியணை காலி. பிரபுக்கள் ஆறு பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: விடியலில் எல்லோரும் குதிரையேறிப் போவது, சூரியன் உதித்ததும் யாருடைய குதிரை முதலில் கனைக்கிறதோ அவரே அரசர். அவர்களில் ஒருவரான டேரியஸின் லாயக்காரன் ஓய்பரீஸ், "கவலையை விடுங்கள்" என்றானாம். என்ன செய்தான் என்பதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இரண்டு கதை சொல்கிறார். முதலாவதில், டேரியஸின் குதிரைக்குப் பிடித்த பெட்டைக்குதிரையை முந்தின இரவே வழியில் கட்டிவைக்கிறான். இரண்டாவதுதான் இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. அந்தப் பெட்டையின் மறைவிடத்தைத் தடவிய கையைக் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறான். கதிர் தலைகாட்டியதும் கையை வெளியே எடுத்து, குதிரையின் மூக்கருகே நீட்டுகிறான். அது சீறிக் கனைக்கிறது. டேரியஸுக்குப் பேரரசு!

பெஹிஸ்துன் பாறையில் டேரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டோ, எல்லாம் அகுர மஸ்தாவின் அருள் என்கிறது. லாயக்காரனைப் பற்றி மூச்சுக்கூட இல்லை. வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை. பொலிகுதிரை வளர்ப்பவர்களிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

இனி மூளை. கண்ணும் காதும் அனுப்பும் சேதி தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மேலே போகும். வாடைக்கு அந்த நிறுத்தம் இல்லை. மோப்பக் குமிழிலிருந்து கிளம்பினால், பயத்தையும் பரபரப்பையும் கிளப்பும் அமிக்டலாவுக்கு நேர்வழி. இன்னொரு விசேஷம்: இடக்கண் பார்ப்பது பெரும்பாலும் வல மூளைக்குப் போகிறது, நாசியில் அப்படிக் குறுக்கே தாண்டுவதில்லை, வல நாசிக்கு வல மூளைதான். ஆகவே எந்த நாசியைக் கொண்டு முகர்கிறது என்பதைப் பார்த்தே, மூளையின் எந்தப் பாதி வேலை செய்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மனிதரின் உணர்ச்சியைக் குதிரை முகர்ந்தறியுமா என்று பிரான்சில் சோதித்தார்கள். ஆட்களுக்கு ஒருமுறை பேய்ப்படம், ஒருமுறை நகைச்சுவைப் படம். இரண்டு முறையும் அக்குளில் பஞ்சு. 2023-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே ஆளின் பய வியர்வையையும் சிரிப்பு வியர்வையையும் குதிரைகள் பிரித்தறிந்தன. பழகிய பஞ்சை விட்டுவிட்டு, புதிய பஞ்சையே அதிக நேரம் முகர்ந்தன. நாசியைப் பயன்படுத்திய விதமும் வாடைக்கு வாடை மாறியது. சவாரிக்கு வருகிறவர் முகத்தில் என்ன வீரம் காட்டினாலும் அக்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்காக வாடை பட்டதுமே குதிரை மிரண்டு ஓடும் என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கின் யான்னே கிறிஸ்டென்சன் சக ஆய்வாளருடன் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஓநாய் ரோம வாடைக்குக் குதிரைகள் தீனியைக் குறைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தன, அவ்வளவுதான், இதயத்துடிப்பு ஏறவில்லை. ஓநாய் வாடையோடு திடீர்ச் சத்தமும் சேர்ந்தபோதுதான் நெஞ்சு படபடத்தது. வெறும் சத்தத்துக்கு அந்த அளவு படபடப்பு இல்லை. வாடை மனநிலையைத் தயார் செய்துவைக்கிறது, சத்தம் வந்து அதைக் கிளப்பிவிடுகிறது என்பது என் கணிப்பு.

மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு குதிரை 'சிரிக்குமே', அதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்திருந்தேன். அது சிரிப்பே இல்லை. மூக்குக்குள் இருக்கும் இரண்டாவது மூக்கின் வேலை. ஓய்பரீஸ் இடத்தைச் சாப்பிட்டுவிட்டதால் அது அடுத்த வாரம்.

(தொடரும்)