துப்பாக்கிப் பெட்டியும் இரண்டு கொடிகளும்

கடப்பாக்கத்தில் கடலை ஒட்டி ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் வந்த கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தார்கள். வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமரசம் பேச அங்கேதான் கூடினார்கள். பேச்சு முறிந்தது.

எதிரிக்கு ஆயுதம் கொண்டுவரும் கப்பலைத் தடுக்க அன்று பீரங்கிதான் வழி. 1814 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு அந்த வேலையைக் காகிதம் செய்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கோட்டை கட்டக் கூடாது, காவல் பணிக்கு வேண்டிய படைக்கு மேல் வைக்கக் கூடாது என்றது அதன் 12ஆம் பிரிவு. 1824 உடன்படிக்கையில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1845இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியை விற்றார்கள். இந்தக் கரையில் பிரிட்டிஷ் கொடிக்கு அருகே பிரெஞ்சுக் கொடி மட்டும் மிஞ்சியது.

ஓட்டை அங்கேதான். உடன்படிக்கை சிப்பாய்களை எண்ணியது. பயணியின் பெட்டிக்குள் இருக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1878 ஆயுதச் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. புதுச்சேரியில் ஒரு வீட்டைச் சோதிக்கச் சென்னைப் போலீசுக்கு அதிகாரமில்லை. பிரெஞ்சு ஆளுநரைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் லண்டன் பாரிஸிடம் பேச வேண்டும். எனவே அங்கே தஞ்சம் புகுந்திருந்த பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் வீட்டுத் தெருக்களில் பிரிட்டிஷார் ஒற்றர்களை நிறுத்தினார்கள். அப்படியும் என்ன ஆயிற்று? ஐயரிடம் சுடப் பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி.

இதே சிக்கல் ஓமானின் மஸ்கட் துறைமுகத்தில் பெரிதாக இருந்தது. அங்கிருந்து துப்பாக்கிகள் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பழங்குடியினரிடம் போயின. பிரிட்டிஷ் கடற்படை படகுகளை மறிக்கலாம். ஆனால் மஸ்கட்டோடு பிரான்ஸ் செய்த 1844 வணிக ஒப்பந்தத்தைக் காட்டும் பிரெஞ்சு வியாபாரியின் கடையை மூட முடியாது. 1914இல் அந்த வியாபாரிகளுக்கு இழப்பீடு கொடுத்த பிறகே பிரான்ஸ் இறங்கிவந்தது. 

புதுச்சேரியிலோ இரண்டு கொடிக் கணக்கு 1954 நவம்பர் 1 வரை நீடித்தது.