வேலை நேரம் யார் கையில்?

டிப்ளமோ முடித்தவுடன் நமக்கெல்லாம் வரும் முதல் கவலை, "வேலை கிடைக்குமா?" என்பதுதான். "எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம்?" என்று கேட்பவர் குறைவு. அதையும் நாம் கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

எட்டு மணி நேர வேலை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. நம் புதுச்சேரியில் வ. சுப்பையா அவர்கள் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் நீத்தார்கள். அதன் பிறகே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று.

எத்தனை மணி நேரம் என்பதற்கு அன்று விடை கிடைத்தது. எந்த நேரம் என்ற கேள்விக்கு விடைதான் நெகிழ்வு நேரம். 1967இல் ஜெர்மனியில், மியூனிக் அருகே இருந்த ஒரு விமானத் தொழிற்சாலையில் இம்முறை வந்தது. உதாரணமாக, காலை 10 முதல் 3 வரை எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும். மற்றபடி ஏழு மணிக்கு வந்து சீக்கிரம் போகலாம், பத்துக்கு வந்து தாமதமாகப் போகலாம். மொத்தக் கணக்கு மட்டும் குறையக் கூடாது.

நம் ஊரிலும் 2023 ஏப்ரல் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசு அலுவலகப் பெண்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் தாமதமாக, 11 மணிக்கு வரலாம் என்றார்கள். வீட்டில் பூஜை செய்ய வசதியாக இந்தச் சலுகை. நல்லதுதான். ஆனால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் அப்பாவுக்கும் நேரம் வேண்டுமே! பெண்ணுக்கு மட்டும் என்றால், வீட்டு வேலை அவளுக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்தது போல ஆகாதா?

அதே மாதம் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. வாரம் 48 மணி நேரத்தை நான்கே நாளில், தினம் 12 மணி நேரமாக வேலை வாங்க வழிசெய்யும் மசோதா ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் ஆனது. இதற்கும் நெகிழ்வு என்றுதான் பெயர்! 12 மணி வேலை, போக வர 3 மணி என்றால் மிச்சம் 9 மணி. சாப்பிட்டுத் தூங்கவே அது சரியாகிவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும், நேரத்தைத் தீர்மானிப்பது யார் என்று பார்ப்பதே முக்கியம்.

எங்கள் ஊர் கனகசெட்டிக்குளம், மீனவக் குடும்பம். வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல் ஆள். அக்கா ஒரு தனியார் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். "நாளைக்கு எந்த ஷிப்டுன்னு இன்னைக்குச் சாயங்காலம்தான் சொல்றாங்க. புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்பாள். அம்மா காலையில் மீன் விற்கப் போய் மதியம் வந்துவிடுவார்கள். மதியம் ஷிப்ட் மட்டும் கிடைத்திருந்தால் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிடைக்கவில்லை, ஆறே மாதத்தில் அக்கா வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்குச் சம்பளம் நஷ்டம், கம்பெனிக்கு வேலை பழகிய ஆள் நஷ்டம்.

"வீட்டிலிருந்தே வேலை" என்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு அது சரி. லேத்தையும் சி.என்.சி. மெஷினையும் வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியவை வேறு. ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்ட வேண்டும். உடன் வேலை செய்பவரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். நைட் ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலையிலேயே திரும்பக் கூப்பிடக் கூடாது. இவற்றுக்குப் பெரிய செலவில்லை, திட்டமிட்டால் போதும்.

எனவே நண்பர்களே, கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இந்த மூன்றையும் கேளுங்கள். "கேட்டா வேலை தரமாட்டாங்களோ?" என்ற பயம் எனக்கும் உண்டு. ஒருவன் மட்டும் கேட்டால் அவனை ஒதுக்கிவிடலாம். வரிசையில் நிற்கும் எல்லோரும் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?