ஆளில்லாத ராஜ்ஜியங்கள்

1986-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ விளையாட்டின் நிலப்பரப்பு 128 திரைகளாக விரிகிறது. அத்தனை இடத்திலும் ஓர் ஊர் கிடையாது, ஒரு வீடு கிடையாது. மனிதர்கள் இருப்பது குகைகளில். ஒரு கிழவர் வாள் தருகிறார். ஒருவர் கேடயம் விற்கிறார். குண்டு வைத்து வழி திறந்தால், கதவை உடைத்ததற்கென்று 20 ரூப்பி பிடித்துக்கொள்ளும் கிழவரும் உண்டு. நாயகனைத் தவிர வாடிக்கையாளரே இல்லாத நாட்டில் அந்தக் கடைக்காரர் யாரை நம்பிக் கடை போட்டாரோ!

அதே ஆண்டு வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் ஊர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பாழ்: இடிந்த சுவர்கள், விஷச் சதுப்பு, மரத்தடியில் பழைய வீரனின் கவசம், அதற்குக் காவலாக ஓர் அரக்கப் போர்வீரன்.

இந்த வெறுமைக்குக் கற்பனையைவிட நினைவகப் பஞ்சமே பெரிய காரணம். டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. புல்லுக்கும் கடலுக்கும் ஒரு சிறு கட்டம் வரைந்து திரும்பத் திரும்ப அடுக்கினால் போதும். மனிதருக்கு உருவம், நடை, பேச்சு என எல்லாம் தனியே வேண்டும். அதனால் செலவு குறைக்க முதலில் கைவைக்கப்பட்டவர்கள் மனிதர்கள்.

மலேசியாவின் கெடாவில், குனோங் ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கும் இப்படித்தான், ஆளில்லாத ராஜ்ஜியமாகக் காட்சி தருகிறது. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை தாக்கிய கடாரம் இந்தப் பகுதியே என்பது அறிஞர் பலரின் முடிவு. 1936–37-இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் முப்பது இடங்களைத் தோண்டினர். அகப்பட்டவற்றில் பல கோயில் அடித்தளங்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (சண்டி என்பது பழங்கோயில்) கருங்கல் மேடையும் மண்டபத் தூண்களுக்கான கல் பாதங்களும் இருக்கின்றன. தூணும் கூரையும் மரம் என்பதால் மழையிலும் கறையானிலும் போயின. வணிகரும் படகோட்டிகளும் குடியிருந்த வீடுகளின் கதியும் அதுவே. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும் துருத்திக் குழாய்களும் ஏராளமாக வெளிவந்தன. துருத்தி ஊதியவர் யாரென்று தெரியவில்லை. வட்டாரத்தில் பெயரோடு எஞ்சிய மிகச் சிலருள் ஒருவர், முடா ஆற்றுக்குத் தெற்கே கிடைத்த 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வரும் மாநாவிகன் (பெரிய கப்பல் தலைவன்) புத்தகுப்தன். அவரும் கல்லில் வெட்டப்பட்டதால் பிழைத்தவர்.

தோட்டப்புறங்களில் இதே கதை ஓரிரு தலைமுறைக்குள் நடந்து முடிகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் பல தோட்டங்களில் பலகை லயங்கள் பிரிக்கப்பட்டன. சனம் சுங்கை பட்டாணி, கூலிம் என்று டவுனுக்குப் போனது. செம்பனைக்கு நடுவே சிமெண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கும். திருவிழாவுக்குத்தான் ஆள் வரும்.

விளையாட்டின் பாழூர் இயந்திரத்தை அணைத்துப் போட்டால் மறுபடி அப்படியே வரும். பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டிக்கு அந்த வசதி இல்லை. 2013-இல் வீடமைப்புத் திட்டத்துக்காக அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நிலம் தனியாருடையது, மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதும் இல்லை.

(தொடரும்)