ஆவணங்களுக்கும் கடவுச்சொற்களுக்கும் ஒரு பெட்டகம்

நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது, உடன் வந்தோரிடம் சில தாள்களைக் கேட்கிறோம். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை, முந்தைய சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அவசர சிகிச்சை எந்தத் தாளுக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் காப்பீட்டு ஒப்புதலுக்கு அட்டைகள் தேவை. நோயாளி இதுவரை உண்டுவந்த மருந்துகளை அறியப் பழைய குறிப்புகள் தேவை.

அந்த வேளையில் பல குடும்பங்களிடம் நாங்கள் கேட்கும் மறுமொழி ஒன்றே: “எல்லாம் அப்பா ஃபோனில்தான் இருக்கிறது.” கைப்பேசி மகனின் கையில் இருக்கிறது. அதைத் திறக்கும் எண்ணோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கும் தந்தைக்கு மட்டுமே தெரியும். நினைவிழந்தவரின் விரலை எடுத்துத் திரையில் வைத்துப் பார்க்க முயல்வோரும் உண்டு. அது முறையன்று, பயன் தரும் என்ற உறுதியும் இல்லை. அணைந்து மீண்டும் இயங்கும் கைப்பேசி முதலில் எண்ணையே கேட்கும். விரல் ரேகையை ஏற்காது.

ஆவணப் பாதுகாப்பு என்றவுடன், பிறர் கைக்குப் போகாமல் பூட்டிவைப்பதையே நாம் எண்ணுகிறோம். உரியவர் கைக்கு உரிய நேரத்தில் கிடைப்பதும் பாதுகாப்பின் மறுபாதியாகும். இரண்டையும் ஒருங்கே செய்யும் வழியை இங்கே விளக்குகிறோம்.

தாளுக்கும் ஆபத்து உண்டு, கணினிக்கும் உண்டு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்காசி உள்ளிட்ட நான்கு தென்மாவட்டங்களில் பெருமழை பெய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. வெள்ளம் புகுந்த வீடுகளில் சான்றிதழ்களும் அட்டைகளும் நனைந்து அழிந்தன. பீரோவில் பூட்டிவைத்த தாள் திருடனிடமிருந்து தப்பலாம், வெள்ளத்திலிருந்து தப்பாது.

கணினியும் அப்படித்தான். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பல நாள்கள் அங்கே பணிகள் கையெழுத்து முறையில் நடந்தன. ஆகவே, “மருத்துவமனைக் கணினியில் இருக்கிறதே” என்று இருந்துவிடாமல், வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றின் நகல் ஒன்றை உங்களிடமும் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம்.

ஆவணங்களை எங்கே வைப்பது?

அரசு வழங்கிய ஆவணங்களுக்கு ஏற்ற இடம் டிஜிலாக்கர். மத்திய அரசு 2015 ஜூலை 1 அன்று தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேராகப் பெற்று வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு பெற்றவை சட்டப்படி அசல் ஆவணத்துக்கு நிகரானவை. நாமே படம் எடுத்து ஏற்றிய தாளுக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆயினும், மருத்துவக் குறிப்புகளின் படங்களை அங்கே சேமித்து வைப்பது நன்மையே.

ஆதார் நகலை யாருக்கேனும் அனுப்ப நேர்ந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அனுப்பலாம். இதை ஏற்கும் இடங்களில் இதுவே போதும். முழு எண் தெரியும் படத்தை உறவினர் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடுவதைத் தவிருங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து அச்செடுத்தால், கணக்கிலிருந்து வெளியேறி, பதிவிறக்கிய கோப்பையும் அழித்த பின்னரே எழுந்து வாருங்கள்.

கடவுச்சொல் பெட்டகம் என்பது என்ன?

மின்னஞ்சல், காப்பீட்டுத் தளம், ஓய்வூதியத் தளம் என்று கணக்குகள் பெருகிவிட்டன. நினைவில் வைக்க முடியாமல், பலரும் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை இடுகிறார்கள். ஏதேனும் ஒரு தளத்திலிருந்து அது கசிந்தால் மற்ற எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும்.

பாஸ்வேர்டு மேனேஜர் எனப்படும் கடவுச்சொல் பெட்டகம் இதற்குத் தீர்வாகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே நீண்ட கடவுச்சொல்லை அதுவே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது, பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை மட்டுமே. நல்ல பெட்டகத்தில் உள்ளவை உங்கள் கைப்பேசியிலேயே சங்கேத வடிவுக்கு மாற்றப்பட்ட பின்னரே நிறுவனத்தின் கணினிக்குச் செல்லும். முதன்மைக் கடவுச்சொல் அந்நிறுவனத்துக்கே தெரியாது. ஆகவே அதை மறந்துவிட்டால், அவர்களாலும் மீட்டுத் தர இயலாது.

2022ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடப்பட்டன. கடவுச்சொற்கள் சங்கேத வடிவில் இருந்தமையால் திருடியவர்களால் அவற்றை உடனே படிக்க இயலவில்லை. வலுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கு அதுவே அரணாயிற்று. எளிதாக ஊகிக்கத்தக்க சொல்லை வைத்திருந்தவர்களின் நிலை ஆபத்தானது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, கைப்பேசியிலேயே அமைந்திருப்பது; கூகுள், ஆப்பிள் ஆகிய இரு நிறுவனங்களும் இதைத் தருகின்றன. புதிதாகத் தொடங்குவோர்க்கு இது எளிது. ஆனால் கைப்பேசியைத் திறக்கும் எண்ணை அறிந்தவர் இப்பெட்டகத்தையும் திறந்துவிடக்கூடும். எனவே அந்த எண் 1234 ஆகவோ, பிறந்த ஆண்டாகவோ இருத்தல் கூடாது.

இரண்டாவது, பிட்வார்டன் போன்ற தனிச் செயலி. இதன் அடிப்படைச் சேவை இலவசம். கைப்பேசியிலும் கணினியிலும் ஒருசேரப் பயன்படும். மூன்றாவது, கீபாஸ் போன்றது. இது எந்த நிறுவனத்தின் கணினிக்கும் செல்லாமல், உங்களிடமே ஒரு கோப்பாக இருக்கும். அதன் நகலை வேறோர் இடத்திலும் வைக்கும் பொறுப்பு உங்களுடையது.

எதை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சங்கேத மாற்றம் என் சாதனத்திலேயே நிகழ்கிறதா? நாளை வேறொன்றுக்கு மாற விரும்பினால், என் பதிவுகளை எடுத்துச் செல்ல முடியுமா? நான் இயலாத நிலையில் இருந்தால், நான் நம்பும் ஒருவர் திறக்க வழி உண்டா?

முதன்மைக் கடவுச்சொல்லுக்குத் தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொருள் ஒன்று, உணவு ஒன்று, மரம் ஒன்று என்று தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதலாம். பேரக்குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம், அவை ஊரறிந்தவை. பெட்டகத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கிவையுங்கள்.

கைப்பேசியே பழகாத பெரியவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டிலேயே பூட்டிவைப்பதில் தவறில்லை. எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல்லை இடுவதைவிட அது மேலானது. மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பையில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.

இரண்டாவது சாவி யாரிடம்?

குற்றாலத்தில் சாரல் காலத்தில் குடும்பத்தோடு அருவிக்குச் செல்வோர், எல்லோரும் ஒருசேர நீரில் இறங்குவதில்லை. பை, பணம், கைப்பேசி எல்லாவற்றையும் காத்துக்கொண்டு ஒருவர் கரையில் நிற்பார். அவரை நாம் முன்கூட்டியே முடிவு செய்கிறோம். நோய்க்காலத்துக்கும் அப்படி ஒருவரை, உடல்நலத்தோடு இருக்கும்போதே தேர்ந்து வைப்பது நல்லது.

இதற்கு எளிய வழி ஓர் உறை. கைப்பேசியைத் திறக்கும் எண்ணையும் முதன்மைக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நீர் புகாத பையில் வைத்து, வீட்டில் பூட்டுள்ள இடத்தில் உயரமாக வையுங்கள். இருக்குமிடத்தை நம்பகமான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வங்கி லாக்கர் இதற்கு உதவாது. நள்ளிரவில் அது திறக்காது.

ஏடிஎம் எண்ணையும் யுபிஐ எண்ணையும் அவ்வுறையிலோ பெட்டகத்திலோ சேர்க்க வேண்டாம். மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க வேண்டிவரும் என்று கருதினால், இருவரில் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்கு ஒன்றை முன்னதாகவே தொடங்கலாம். வாரிசு நியமனம் இதற்குப் பயன்படாது. அது கணக்குடையவரின் மறைவுக்குப் பின்னரே செயலுக்கு வரும்.

கைப்பேசியின் பூட்டிய திரையிலேயே தெரியுமாறு அவசரத் தகவல்களைப் பதிந்துவைக்கவும் வழியுண்டு. இரத்த வகை, ஒவ்வாமை தரும் மருந்துகள், அழைக்க வேண்டியவரின் எண் ஆகிய மூன்றையும் அங்கே பதிந்திடுங்கள். விபத்தில் தனியே கொண்டுவரப்படும் ஒருவரின் குடும்பத்தைக் கண்டறிய எங்களுக்கு அது பேருதவியாகும்.

ஓர் எச்சரிக்கை

குடும்பம் கலங்கியிருக்கும் நேரமே ஏமாற்றுவோர்க்கு வாய்ப்பாகிறது. காப்பீட்டுத் தொகையை விடுவிக்கிறோம் என்று கைப்பேசியில் அழைத்து ஓடிபி கேட்பவர் யாராயினும், தொடர்பைத் துண்டித்துவிட்டு எங்கள் காப்பீட்டுப் பிரிவுக்கு நேரில் வாருங்கள். உங்கள் கடவுச்சொல்லையும் வங்கிக்குரிய ஓடிபியையும் எங்கள் பணியாளர் எவரும் கேட்பதில்லை. பணம் பறிபோனால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

இந்த வாரம் அனைத்தையும் செய்து முடிக்க இயலாவிடினும், உறையை மட்டுமேனும் எழுதிவையுங்கள். நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய நேரத்தைத் தாள்களைத் தேடுவதில் நீங்கள் செலவிடாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.